கோடு அழியக் கூடாது

படங்குக் கயிறு எட்டவில்லை என்று மனோரஞ்சிதம் சண்டை பிடித்த காலைதான் கடைசி. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாதாரணச் சண்டை எதுவும் நடக்கவில்லை.

கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பனியில் சேலை நனையாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சாக்குக்குப் படங்கு என்று பெயர். மனோரஞ்சிதம் அதை இடுப்புக்குக் கீழே இறக்கித்தான் கட்டுவாள். முடிச்சுப் போட்ட பிறகும் கயிற்றில் ஒரு சாண் மிச்சம் தொங்கும். அன்று முடிச்சுக்கே வரவில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடத் தொடங்கியிருப்பார்கள். அவள் வாசலில் நின்றுகொண்டு, சேவலைக் கட்டிப்போட என் கயிற்றைத்தான் வெட்ட வேண்டுமா என்று புருஷனைக் கேட்டாள்.

வீரபத்திரன் முனியாண்டி மேல் சத்தியம் செய்தான். அவள் நம்பவில்லை. மழையில் நனைந்தால் கயிறு சுருங்கும் என்று விளக்கமும் கொடுத்துப் பார்த்தான்.

"அப்ப இத்தன வருசமா நனையிற நீங்களும் சுருங்கியிருக்கணுமே," என்று சொல்லிவிட்டு, ஒரு பழந்துணியைக் கயிற்றோடு முடிந்து கட்டிக்கொண்டு மலைக்குப் போனாள்.

கயிறு சுருங்கவில்லை. அவளுடைய வலது தொடையின் மேற்பக்கம் ஒரு கட்டி வளர்ந்திருந்தது.

அக்கரப்பத்தனைக்கு மேலே, ஊசிக்கல் தோட்டத்து மருந்தகத்தில் அதற்கு வலி மாத்திரை கொடுத்தார்கள். கட்டிக்கு வலி இல்லை என்று அவள் சொன்னதும், இனி வந்தால் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். கடைசியில் பஸ்ஸேறி, ரயிலேறி, கீழே இருந்த பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே கட்டியில் ஊசி குத்தி எடுத்து, வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து, ஒரு பெயரைக் கண்டுபிடித்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசையின் முதல் வீட்டில் சொல்லத் தொடங்கினால் கடைசி வீட்டுக்கு வரும்போதுதான் முடியும், அவ்வளவு நீளமான பெயர். எலும்பிலும் இல்லாமல் தோலிலும் இல்லாமல் நடுவிலிருக்கும் மென்திசுவில் வருகிற புற்றாம். லட்சத்தில் ஒருவருக்கு வருவதே அபூர்வமாம். அதைச் சொன்ன டாக்டரின் முகத்தில், தான் விற்ற லொத்தர் சீட்டுக்குப் பரிசு விழுந்த கடைக்காரனின் சந்தோஷம் இருந்தது.

மாணவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்தார்கள். லயத்தில் பிறந்த தன்னை அதுவரை யாரும் அபூர்வம் என்று சொன்னதில்லையாதலால் மனோரஞ்சிதத்துக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு பையன் கட்டியை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தபோது, "தம்பி, இது கொழுந்து இல்ல, பறிச்சா வராது," என்றாள்.

கட்டியை வெட்டி எடுத்த சேர்ஜன் நல்ல மனிதர். வேலையைச் செய்துவிட்டுக் குறைவாகப் பேசுவார். அதனாலேயே இந்தக் கதையில் அவருக்கு அதிக இடமில்லை. காயத்துக்குக் கட்டுப்போட்ட பிறகு வீரபத்திரனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "எடுத்தாச்சு. ஆனா ஓரத்துல கண்ணுக்குத் தெரியாம வேர் மிஞ்சியிருக்கும். காயம் ஆறின கையோட கரண்டு வைக்கணும். தள்ளிப்போட்டா திரும்ப வரும். வந்தா என்னால வெட்ட ஏலாது."

கரண்டு வைப்பது என்றால் கதிர்வீச்சுச் சிகிச்சை. வீரபத்திரனுக்கு இதை இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் பொதி கட்டும் பகுதியில் வேலை செய்பவன். பறித்த கொழுந்து காத்திருக்காது என்பது அவனுக்குத் தெரியும். சாக்கிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். மறுநாள் அதற்குத் தேயிலை என்று பெயர் இல்லை, குப்பை.

காயம் ஆறியது. இருவரும் கதிர்வீச்சுப் பிரிவுக்குப் போனார்கள்.

அது புதுக் கட்டடம். சுலக்ஷனா என்ற மிஸ், மனோரஞ்சிதத்தை மேசையில் படுக்கவைத்து, சுவரிலிருந்து வந்த சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத் தொடையில் ஊதாப் பேனையால் நீளமாகவும் குறுக்காகவும் கோடுகள் போட்டாள். மெஷின் இந்தக் கோட்டைக் கொண்டுதான் இடம் பார்க்கும், கோடு அழியக் கூடாது என்றாள். சுவரிலும் மூன்று மொழியில் எழுதியிருந்தது: கோடு அழியக் கூடாது. அழிந்தால் அளவெடுக்கும் நிபுணர் கொழும்பிலிருந்து வர வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசையில் நிற்பதற்கும் ஒரு வரிசை இருந்தது.

கரண்டு எப்போது என்று வீரபத்திரன் கேட்டான். சுலக்ஷனா மிஸ் மெஷினைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். "பணிப்பாளர் சொல்லுவாரு," என்றாள்.

ஆஸ்பத்திரியை நிர்வகிக்கும் பணிப்பாளர் சொன்னார். மெஷின் வந்து, பூட்டி, சோதித்து, எல்லாம் முடிந்துவிட்டது. நன்றாக ஓடுகிறது. ஆனால் இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை. பழைய மெஷினாவது இருக்கிறதா என்றால், புதியது வரும்போது பழையது பக்கத்தில் நிற்பது மரியாதையில்லை என்று கழற்றி அனுப்பிவிட்டார்கள். திறந்து வைக்காத மெஷினில் வைத்தியம் செய்வது பெயர் வைக்காத பிள்ளைக்குக் கல்யாணம் செய்வது போல என்று பணிப்பாளர் சொன்னபோது, பக்கத்தில் நின்ற ஒருங்கிணைப்பு அதிகாரி பிரதாப் அதைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டார். மேடையில் பயன்படும் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிரதாப் கழுத்தில் அட்டை தொங்கவிட்டிருந்த இளைஞர். எல்லா வசனத்தையும் "கட்டாயம்" என்று முடிப்பார். அடுத்த வாரம் விழா, கட்டாயம் என்றார். அடுத்த வாரம் பிரதம அதிதியான அமைச்சர் வெளிநாடு போய்விட்டார். அதற்கடுத்து வைத்த நாளில் நல்ல நேரம் விடியற்காலையில் வந்தது, பிரதம அதிதி அவ்வளவு சீக்கிரம் எழும்புவதில்லை. நேரமும் அதிதியும் பொருந்தி வந்தபோது அமைச்சு கைமாறியது. திரைநீக்கம் செய்யவேண்டிய கல்லில் பழையவரின் பெயர் வெட்டியாகிவிட்டிருந்தது. கல்லை மாற்றினார்கள். இனிமேல் கல்லை முதலில் நட்டுவிட்டுப் பெயரைக் கடைசி நிமிடத்தில் வெட்டுவது என்று ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அந்த முடிவுக்காக ஒருவரையொருவர் பாராட்டியும் கொண்டார்கள்.

ஒவ்வொரு முறையும் இவர்கள் இருவரும் விடியலில் அக்கரப்பத்தனை பஸ்ஸில் அட்டனுக்கு வந்து, அங்கிருந்து கீழே இறங்கி, "கட்டாயம்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மனோரஞ்சிதம் கோடு போட்ட காலை மட்டும் தண்ணீர் படாமல் நீட்டிவைத்துக்கொண்டு குளித்தாள். ஆனால் அந்தப் பக்கத்து மூடுபனிக்கு ஆஸ்பத்திரிச் சட்டம் தெரியாது. உடுப்புக்குள்ளும் ஈரம் ஏறும். ஊதாக் கோடு வெளிறியது. ஒருமுறை சுலக்ஷனா மிஸ் கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே போட்டுக்கொடுத்தாள். "இன்னொருக்கா அழிஞ்சா நிபுணர்தான் வரணும் அம்மா. நான் போட்டது தெரிஞ்சா என் வேலையும் போயிரும்," என்றாள்.

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் வீரபத்திரன் அழியாத மையைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தான். யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த மையில்தான் அவன் இருபது வருடமாகக் கை வைத்துக்கொண்டிருந்தான். ஏலத்துக்குப் போகும் தேயிலைப் பொதிகளில் தோட்டத்தின் பெயரையும் தேயிலையின் தரத்தையும் தகட்டச்சு வைத்துப் பூசுவது அவன் வேலை. கொழும்புத் துறைமுகத்து வெயிலிலும் கப்பலின் உப்புக் காற்றிலும் போகாத கறுப்பு மை அது. மறுநாள் ஒரு தகரப் பேணியில் கொஞ்சம் கொண்டுவந்தான். ஈர்க்குச்சியின் நுனியை நசுக்கித் தூரிகையாக்கி, ஊதாக் கோட்டின் மேல் ஒரு மயிரிழை பிசகாமல் கறுப்பு இழுக்கத் தொடங்கினான்.

அடுத்த வீட்டு வேலாயி, மனோரஞ்சிதத்தோடு ஒரே நிரையில் கொழுந்து பறித்தவள், சம்பல் கேட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னாண்ணே, அக்காவ ஏலத்துக்கு அனுப்பப் போறீங்களா?"

"அனுப்பட்டும்டி. போற எடத்துல நல்ல வெல போகும், நான் அபூர்வமாம்," என்றாள் மனோரஞ்சிதம். "இந்தாங்க, டஸ்ட்டுன்னு எழுதிறாதீங்க. நல்ல கிரேடாப் பாத்துப் போடுங்க."

"சிரிக்காத புள்ள," என்றான் வீரபத்திரன், தலையைத் தூக்காமல். "கோடு வளையுது."

கோடு பத்திரமாகிவிட்டது. மிச்சம் மெஷின்தான். ஓடக்கூடிய ஒரு மெஷின், திறக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நிற்கிறது என்பதை அவன் பலவாறாக யோசித்தான். பெக்டரியிலும் கொழுந்து அரைக்கும் ரோதைகள் சும்மா ஓடுவதில்லை. ரோதைமுனி என்று ஒரு சாமி மூலையில் இருக்கிறார். புது ரோதை வந்தால் அதன் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, அவருக்குக் கற்பூரம் காட்டுவார்கள். கற்பூரம் அணைவதற்குள் ரோதை சுற்றத் தொடங்கிவிடும், ஏனென்றால் மாடியில் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். ரோதைமுனியும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

ஆகவே அடுத்தமுறை போனபோது, எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வீரபத்திரன் மெஷின் அறைக்குள் நுழைந்து அதன் அடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தான். சின்னத் துண்டு கற்பூரம் கொளுத்தினான். திறந்தாயிற்று சாமி, இனி ஓடலாம் என்று கும்பிட்டு நிமிர்ந்தபோது வாசலில் காவலாளி நின்றான்.

அவசரக் கூட்டம் கூடியது. கற்பூரத்தைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. மெஷின் இப்போது திறக்கப்பட்டுவிட்டதா இல்லையா என்பதுதான் கேள்வி. திறக்கப்பட்டுவிட்டது என்றால் பிரதம அதிதி எதைத் திறப்பார் என்று பணிப்பாளர் கேட்டபோது சிலருக்கு வியர்த்தது. நெடுநேரம் ஆராய்ந்து, நிகழ்ச்சி நிரலில் இல்லாத எலுமிச்சம்பழத்தால் அரச சொத்தைத் திறக்க முடியாது, ஆகவே மெஷின் திறக்கப்படாமலே இருக்கிறது என்று தீர்மானித்தார்கள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. பழத்தைப் பொலித்தீன் பையில் போட்டுச் சீல் வைத்து அலுமாரியில் பூட்டினார்கள்.

"வெளிய விடுங்க, ஊறுகாயாவது போடலாம்," என்றாள் மனோரஞ்சிதம். வீரபத்திரனுக்கு எச்சரிக்கையோடு மன்னிப்பு கிடைத்தது. விழாவுக்கு அவன் மனைவி தேவைப்பட்டாள் என்பதே காரணம்.

விழா ஒருவழியாக வந்தது. காத்திருந்த நோயாளிகளுக்கு அன்று பயனாளிகள் என்று பெயர். கைதட்டுவதற்கு முதல்நாளே ஒத்திகை நடந்தது. எழும்பி நிற்க முடியாதவர்களைப் பின்வரிசையில் வைத்தார்கள், படத்தில் விழக் கூடாது என்று. அபூர்வ நோயாளியான மனோரஞ்சிதம் மெஷின் மேசையில் படுக்க வேண்டும். கறைபடாத பளிச்சென்ற சேலையோடு வரச் சொன்னார்கள். கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து படுத்தாள்.

பணிப்பாளர் எழுந்து பேசினார்.

"பக்கத்து மாகாணத்திலும் இதே மெஷின் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பாவித்துப் பாவித்துப் பழசாக்கிவிட்டார்கள். நாங்கள் அப்படியில்லை. வந்த நாளிலிருந்து ஒரே ஒரு நோயாளியைக்கூட இதன் பக்கத்தில் அண்டவிடாமல், ஒரு கீறல் விழாமல் காப்பாற்றியிருக்கிறோம். காத்திருப்போர் தொகையிலும் நாங்கள்தான் முன்னணியில் நிற்கிறோம். இது மக்கள் எங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கையைக் காட்டுகிறது. சிலர் காத்திருக்காமல் இடையில் காலமாகிவிட்டார்கள். அவர்களுடைய அவசரத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல."

கைதட்டல் ஒத்திகையைவிட நன்றாக வந்தது.

பிரதம அதிதி நாடா வெட்டினார், விளக்கேற்றினார், பிறகு பொத்தானை அமுக்கினார். பச்சைப் பல்பு ஒன்று எரிந்தது. அவருடைய பாதுகாப்புக்காக மெஷினின் மின்சாரத்தைக் காலையிலேயே நிறுத்தியிருந்தார்கள். மேசையில் கண்ணை மூடிப் படுத்திருந்த மனோரஞ்சிதம் கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டாள்:

"ஆச்சுங்களா?"

"படம் எடுத்தாச்சு அம்மா. எறங்குங்க," என்றார் பிரதாப்.

வைத்தியம் மறுநாளிலிருந்து கட்டாயம் என்றார்கள். நடந்துமிருக்கும். பால் பொங்கவைப்பது ஒன்று மிச்சமிருந்தது. மெஷின் அறை வாசலில் புதுப்பானை வைத்து அடுப்பு மூட்டினார்கள். பொங்கி வழிகிற பால் கிழக்கே போனால் மங்களம். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பால் கிழக்கேதான் போனது. மெஷினுக்குப் போகிற வயர்களெல்லாம் தரைக்கடியில் கிழக்கேதான் இருந்தன.

வாசம் வந்தது. பிறகு புகை வந்தது. பிரதம அதிதி சிற்றுண்டிக்குப் போய்விட்டிருந்தார்.

விசாரணைக் குழு அமைத்தார்கள். பால் நிகழ்ச்சி நிரலில் இருந்தது, உரிய அனுமதி பெற்றது, மங்களமான திசையில் வழிந்தது. ஆகவே அது காரணமாக இருக்க முடியாது. அனுமதியில்லாமல் மெஷினுக்கடியில் வைக்கப்பட்ட எலுமிச்சம்பழம் ஒன்று அலுமாரியில் இருந்தது. அதுவே காரணம் என்று குழு ஒருமனதாகக் கண்டது. பழம் அதற்குள் வற்றிச் சுருங்கிக் கோலிக்குண்டு அளவாகியிருந்தது.

எரிந்துபோனவற்றுக்கு மாற்றாகப் புது வயர்களும் மின்பலகைகளும் கப்பலில் வரவேண்டியிருந்தன. ஊசிக்கல்லில் மழை பிடித்துக்கொண்டது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மனோரஞ்சிதத்தின் கன்னம் ஒட்டியது, கை மெலிந்தது. ஒருநாள் ஆணியில் தொங்கிய படங்கை எடுத்து, சும்மா, இடுப்புக்குக் கீழே கயிற்றைச் சுற்றிப் பார்த்தாள். உடம்பெல்லாம் இளைத்தும் கயிறு முடிச்சுக்கு வரவில்லை. வீரபத்திரன் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் திட்டவில்லை. கயிற்றைச் சுருட்டி மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டாள்.

மெஷினைத் திருத்தியதும் அவளை முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். சுலக்ஷனா மிஸ் அவளைப் படுக்கவைத்துச் சிவப்பு வெளிச்சத்தைப் போட்டாள். வெளிச்சம் ஓரிடத்தில் விழுந்தது, கோடு ஓரிடத்தில் இருந்தது. தழும்பின் பக்கத்தில் புதிதாக எழும்பிய கட்டி தோலை ஒருபக்கம் இழுத்திருந்தது. கீழே சதை வற்றியிருந்தது. மிஸ் மேசையை ஏற்றினாள், இறக்கினாள். பிறகு போய்ப் பணிப்பாளரைக் கூட்டிவந்தாள்.

பணிப்பாளர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. இவ்வளவு காலமாகியும் இம்மியும் அழியாத கோட்டைத் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்றார். இதைப் போட்டது யார் என்று கேட்டார். சுலக்ஷனா மிஸ் வாய் திறக்கவில்லை. வீரபத்திரனும் திறக்கவில்லை. எலுமிச்சம்பழத்தில் பட்டது போதும்.

"கோடு சரியாக இருக்கிறது," என்றார் பணிப்பாளர். "கால்தான் மாறியிருக்கிறது. காலைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் நாளைக்கே தொடங்கலாம்."

மனோரஞ்சிதம் படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "கொண்டாந்துட்டா நான் எதுக்குங்க தொரை இங்க வர்றேன்?"

அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே அனுப்பிய பிறகு, வீரபத்திரன் அந்த ஆஸ்பத்திரியில் முதல்தடவையாக எதிர்க்கேள்வி கேட்டான். "எங்க பெக்டரி இஸ்டோருல ரோதை நின்னுட்டா, கொழுந்த லொறில ஏத்தி பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பிருவாங்க தொரை. அவங்க அரைச்சுக் குடுப்பாங்க. பக்கத்து மாகாணத்துல மெசின் ஓடுதுன்னு நீங்கதான் மேடையில சொன்னீங்க. எங்கள ஏன் அங்க அனுப்பல?"

பணிப்பாளருக்குக் கோபம் வரவில்லை. விவரமில்லாதவனுக்கு விளக்குகிற பொறுமை வந்தது.

"எல்லாரையும் அப்படி அனுப்பினால் எங்களிடம் காத்திருப்பது யார்?" என்றார்.

சேர்ஜன் காலைத் தொட்டுப் பார்த்தார். சேலையை இழுத்து மூடிவிட்டு, அவளுடைய பாதத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வலிக்கு மருந்து தந்தார். தோட்டத்து மருந்தகம் முதல்நாளே தந்துவிட்டது, இவர்கள்தான் லேட் என்று அவள் பஸ்ஸில் சொன்னாள்.

தை பிறந்து சில நாளில், காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் நேரத்தில், மனோரஞ்சிதம் போய்ச் சேர்ந்தாள்.

மலைக்கு யாரும் போகவில்லை. தப்பு மேளம் அடித்தார்கள். வீட்டுக்குப் பின்னால் சேலைகளை மறைப்பாகக் கட்டி, வேலாயியும் மற்றப் பெண்களும் அவளைக் குளிப்பாட்டினார்கள். அந்தக் காலிலும் தண்ணீர் ஊற்றினார்கள். வீரபத்திரன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. பிரதாப்.

திருத்திய மெஷினுக்கு மீள்திறப்பு விழா வைத்திருக்கிறார்களாம். பிரதம அதிதி அந்த அம்மாவை மறக்கவில்லையாம், இந்தமுறையும் மேசையில் அந்த அம்மாவே படுக்க வேண்டுமாம். வாகனம் அனுப்புவார்களாம், கட்டாயம். வீரபத்திரன் பேச வாயெடுத்தான். தப்புச் சத்தத்தில் அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது. ஏதும் திருவிழாவா என்று பிரதாப் கேட்டார். பிறகு, ஒரேயொரு விஷயத்தைப் பணிப்பாளர் நிச்சயப்படுத்திக்கொள்ளச் சொன்னார் என்றார்.

"கோடு அழியலதானே?"

மறைப்பை விலக்கிக்கொண்டு வேலாயி வந்தாள். முழங்கை வரை சோப்பு நுரை. "அரப்பும் போட்டுத் தேச்சுப் பாத்தோம்ண்ணே," என்றாள் தாழ்ந்த குரலில். "போகல. அப்படியே இருக்கு."

வீரபத்திரன் தொலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்தான்.

"அழியலங்க," என்றான்.